ஆற்றுவாய் வெட்ட இரண்டு கை

எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா, பிள்ளைகளே? மழை தொடங்கிவிட்டது. தடிமன், காய்ச்சல் என்று யாராவது படுத்துக் கிடந்தால் இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் குடித்துவிட்டு, காலைப் போர்த்திக்கொண்டு இதை வாசியுங்கள். பனி நாட்டில் இருக்கிறவர்களையும்தான் கேட்கிறேன், முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இருக்கிற மாதிரித்தான் இருக்கிறது. அதை விடுங்கள்.

மழை இருட்டிக்கொண்டு வந்தால் எனக்குக் கண்ணகையின் நினைவுதான் முதலில் வரும். கண்ணகையும் அவளுடைய தங்கச்சி அன்னப்பூரணியும் எங்கள் வேலிக்கு அடுத்த வளவில் இருந்தார்கள். அந்த ஊர் மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில் இருந்தது. வாவியை அங்கே யாரும் வாவி என்று சொல்வதில்லை, ஆறு என்றுதான் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக மாற்றலாகி வந்ததால் நாங்கள் அந்த ஊருக்கு வந்தோம். வந்தவர்களுக்கு எல்லாம் புதினமாக இருக்கும் அல்லவா, அதனால் நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவள் கண்ணகைக்குத் தாயின் வீடு கிடைத்தது. இளையவளுக்கு அதே வளவுக்குள் இன்னொரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். இரண்டும் மண் வீடு, இரண்டும் தென்னோலைக் கிடுகுக் கூரை. கிணறு ஒன்று. ஒருத்தி வீட்டில் ஆணம் என்கிற குழம்பு கொதித்தால் மற்றவள் வீட்டில் மணக்கும். தாய் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித்தான் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

பிறகு எழுபத்தேழில் வெளிநாட்டுச் சாமானுக்கு நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் சங்கக்கடையில் கூப்பனுக்கு அரிசி, சீனி, சீத்தைத் துணி எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றோம். நிறைய வயல் வைத்திருக்கிற போடியார் வீட்டுப் பெண்ணும் அந்த வரிசையில் நிற்பாள், கூலிக்காரன் பெண்டாட்டியும் நிற்பாள். கதவு திறந்த பிறகு கடை நிறைய சாமான் வந்தது. நைலோன் வலை, தோணிக்குப் பூட்டுகிற எஞ்சின், கசெற் றேடியோ, டின் மீன், சேலை. வரிசை இல்லாமல் போனது. எல்லாரும் ஒன்றாக நின்றதும் அதோடு போனது. என் வீட்டுக்காரர் வெறும் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணகையின் புருசன் வினாயகமூர்த்திக்கு அந்தக் கதவு நன்றாகத் திறந்தது. அவர் மீன் லொறியோடு பொலன்னறுவைப் பக்கம் போய் வந்து சிங்களம் பழகியவர். இறாலைப் பிற நாடுகளுக்கு அனுப்புகிற கொம்பனி ஒன்று ஆற்றங்கரைக்கு வந்தபோது, ஊர்த் தோணிகளின் இறாலையெல்லாம் சேர்த்துக் கொடுக்கிற ஆளாக அவரைப் பிடித்தது. முதலில் சோற்றுக்கும் கருவாட்டுக்கும் பிடித்த இறால், இப்போது ஐசுக்குள் படுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனது. கண்ணகையின் கூரையில் ஓடு ஏறியது. மகள் புஸ்பத்துக்கென்று வளவின் தெற்கு மூலையில் சீமெந்துக் கல்லில் ஒரு வீடும் எழும்பத் தொடங்கியது.

அன்னப்பூரணியின் புருசன் இளையதம்பி வயல்காரன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், தண்ணீர்க் கரையோடு கிடந்த பள்ளக்காணியை ஒரு போடியாரிடம் குத்தகைக்கு எடுத்து மாரி வெள்ளாமை செய்தான். உரம் விலை ஏறிவிட்டது. அறுவடை நேரம் பார்த்து வெளிநாட்டு அரிசி கப்பலில் வரும், நெல்லுக்கு விலை இறங்கும். அவர்கள் கிடுகு அப்படியே இருந்தது. நான் சொல்கிற மாரியில், 1986 என்று நினைக்கிறேன், அன்னப்பூரணி காதுத் தோட்டை ஈடு வைத்து உரம் வாங்கியிருந்தாள். காதில் ஈர்க்குத் துண்டு செருகியிருக்கும்.

இதற்குள் ஆற்றுவாயைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது.

ஆறு கடலோடு சேருகிற இடம் கோடை முழுவதும் மணலால் அடைபட்டுக் கிடக்கும். மாரியில் ஆறு நிரம்பும். அந்த மணலை வெட்டிவிட்டால்தான் தண்ணீர் கடலுக்கு ஓடும், இல்லாவிட்டால் வயலுக்குள் ஏறும். ஆனால் வாய் திறந்தால் ஆற்றுக்குள் வளர்கிற இறாலும் தண்ணீரோடு கடலுக்கு ஓடிவிடும். அதனால் வயல்காரன் வேளைக்கு வெட்டு என்பான், மீன்காரன் பொறு என்பான். இந்தச் சண்டைக்கு ஊரில் பழைய தீர்ப்பு ஒன்று இருந்தது. கண்ணகை அம்மன் கோயில் துறையில் கல்லுப் படி இருக்கிறது. தண்ணீர் மேலிருந்து மூன்றாம் படியை மூடினால் வெட்டவேண்டும். மறுபேச்சு இல்லை. கோயில் பொறுப்பைப் பார்க்கிற வண்ணக்கர் தேங்காய் உடைப்பார். மீன் பிடிக்கிற ஒருவரும் வயல் செய்கிற ஒருவரும் ஒரே மண்வெட்டியை இரண்டு கையாகப் பிடித்து முதல் மண்ணைக் கொத்துவார்கள். அதற்குப் பிறகுதான் ஊர் இறங்கும். நாளைக்கு ஒருவன் மற்றவனைக் குறை சொல்லக்கூடாது என்றுதான் அந்த இரண்டு கை.

நாட்டில் சண்டைக் காலம் வந்ததும் ஆற்றுவாய்க்குப் பக்கத்தில் ஒரு இராணுவ முகாம் வந்தது. அதற்குப் பிறகு மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போகிறதென்றால் முகாமில் கேட்கவேண்டும். கேட்கிற வேலை சிங்களம் தெரிந்த வினாயகமூர்த்தியிடம் வந்தது. முகாமுக்கு அவர் இடைக்கிடை நல்ல இறாலும் கொண்டுபோய்க் கொடுப்பார்.

அந்த மாரியில் வானம் கிழிந்த மாதிரி மழை. விறகு ஈரம், தீப்பெட்டி ஈரம். கிணற்றடியில் அக்காவும் தங்கச்சியும் கதைத்தது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"அக்கா, மூணாம் படி முழுகிட்டு, பாத்தயா?"

"விடியக் காலத்தால பாத்தன்கா."

"மறுகா ஏன் இன்னும் ஆத்துவாய் வெட்டல்ல? அத்தான் முகாமில கேக்கல்லயா?"

"கேட்டவராம். அவனுகள் விடுறானுகள் இல்லயாம்." கண்ணகை வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். "சும்மா நிண்டு நனையாம போகா. புள்ளைக்கு என்ன கறி?"

"என்ன கறி? முருங்கையிலைச் சுண்டல்தான். ஆத்து மீனெல்லாம் உங்கட வீட்டு ஐசுப் பெட்டிக்கதானே குளிர் காயுது."

"கேளன் இவள்ற வாய! வா, நாலு இறால் தாறன்."

"நாலு சின்ன இறாலா, லொறிக்காரன் தள்ளி விட்டதா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அன்னப்பூரணி அன்று இறால் வாங்க வரவில்லை. முன்பென்றால் கேட்காமலே சட்டியை நீட்டுவாள்.

வண்ணக்கர் சீனித்தம்பியின் முற்றத்தில் ஊர் கூடியது. பழுத்த கிழவர், காது கொஞ்சம் மந்தம், வாய் மட்டும் மந்தம் இல்லை. கூட்டத்தில் படகும் எஞ்சினும் உள்ளவர்கள் ஒரு பக்கமும் வயல்காரர்கள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். முன்பு அப்படிப் பிரிந்து நிற்பதில்லை, ஒரே வீட்டில் அண்ணன் தோணியும் தம்பி கலப்பையும் வைத்திருப்பான்.

"மூர்த்தி, சொல்லு. முகாமில என்ன சொன்னான்?" என்றார் வண்ணக்கர்.

வினாயகமூர்த்தி குடையை மடக்கினார். "இப்ப ஏலாது எண்டு சொல்றான் வண்ணக்கர். பாதுகாப்பாம். மேலிடத்தில கேக்கணுமாம். ஒரு கிழம, பத்து நாள் பொறுக்கட்டாம்."

"பத்து நாளா!" இளையதம்பி முன்னால் வந்தான். மெல்லிய ஆள், அதிகம் கதைக்காதவன். "அண்ணன், பயிருக்கு மேல தண்ணி நிக்கிது. பத்து நாள் நிண்டா பயிர் இல்ல, வைக்கலும் இல்ல."

"அதுக்கு நான் என்ன தம்பி செய்யிற? துவக்கு வெச்சிரிக்கிறவன் சொல்றான். நீ பொயித்துச் சொல்லன், விடுறா எண்டு."

அதற்கு முதல் மாதம் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன இரண்டு பொடியன்கள் இன்னும் வீடு வரவில்லை. மண்வெட்டியோடு ஓர் ஆண்பிள்ளையை முகாம் பக்கம் அனுப்ப எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். இளையதம்பி தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டான்.

அடுத்த நாள் இறால் லொறி வந்தது. லொறிக்காரன் முனாப், காத்தான்குடிப் பொடியன், முப்பது வயதிருக்கும். வாயில் பகிடி ஓயாது. கண்ணகையும் புஸ்பமும் விறாந்தையில் குந்தியிருந்து இறாலைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இறாலின் தலைமுள் குத்திக் குத்திக் கண்ணகையின் விரல் நுனியெல்லாம் வெடித்துப்போய் இருக்கும். இரவில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படுப்பாள்.

"என்ன அக்கா, கை ஐசு மாதிரி விறைச்சிட்டா?" என்றான் முனாப். "இந்த இறால் இன்னும் புள்ளப் பருவம். இன்னொரு கிழம ஆத்துக்க கிடந்தா மாப்புள பாக்கலாம். யப்பான்காரன் கேக்கிறது கையளவு இறால்தானே."

"உனக்கு எல்லாம் பகிடிதான் தம்பி."

"பகிடி இல்ல அக்கா. கொம்பனி மனேச்சர் கண்டிப்பாச் சொல்லித்தான் விட்ட. பெருத்த இறால் லொறி நிறைய வந்தா இஞ்சயே ஐசு வைக்கிற வாடி போடுறாங்களாம், மூர்த்தி மச்சான்தான் பொறுப்பாம். ஆத்துவாய் மட்டும் இப்ப துறந்திச்சிண்டா எல்லாம் கடலுக்கு, அல்லாஹ்ட இறால்."

"முகாமில விடுறானுகள் இல்லயே."

முனாப் ஐசை உடைத்துக்கொண்டிருந்த கோடரியை நிறுத்தி, பக்கத்தில் நின்ற வினாயகமூர்த்தியைப் பார்த்தான். அவர் பெட்டி மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். "ஓம், ஓம். அவனுகள் விடமாட்டானுகள்தான்" என்று சொல்லிவிட்டு முனாப் மறுபடி ஐசை உடைத்தான்.

கண்ணகை ஒன்றும் கேட்கவில்லை. தெற்கு மூலையில் புஸ்பத்தின் வீடு நனைந்துகொண்டு நின்றது. சுவர் யன்னல் உயரத்துக்கு வந்திருந்தது. சித்தாண்டிப் பக்கத்து மாப்பிள்ளை, சித்திரையில் கலியாணம் என்று பேச்சு. கூரை இல்லாத வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவான்? அவள் அந்தச் சுவரைப் பார்த்தாள், பிறகு பெரிய இறாலை ஒரு பக்கமும் சிறிய இறாலை மறுபக்கமும் போட்டாள்.

மூன்று நாள் கழித்து இரண்டாம் படியும் முழுகியது.

அன்று காலையில் இளையதம்பி வயலுக்குத் தோணியில் போய், மத்தியானத்துக்குத் திரும்பி வந்தான். அவன் கையில் ஒரு பிடி நெற்பயிர் இருந்தது. தண்ணீருக்குள் கிடந்து இலையெல்லாம் வெளிறி, அடித்தண்டு நூல் மாதிரி மெலிந்திருந்தது. அதை அவன் குசினி வாசலில் வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து இருந்தான். அன்னப்பூரணி ஒரு பயிரை எடுத்து விரலுக்கு நடுவில் உருட்டினாள்.

"முழுக்க அழுகல்ல. வேரில இன்னும் உயிர் இரிக்கி."

"இண்டைக்கு இரிக்கி."

"இண்டைக்குத் தண்ணி இறங்கினா?"

"இண்டைக்கு இறங்கினா மேட்டுப் பக்கம் எல்லாருக்கும் தப்பும். நம்மட பள்ளத்தில கொஞ்சம் தப்பும். விதைநெல்லாச்சும் மிஞ்சும்."

அன்னப்பூரணி அந்தப் பயிர்ப் பிடியைத் தூக்கிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்கு வந்தாள். வினாயகமூர்த்தி காலையில் லொறியோடு பட்டினத்துக்குப் போயிருந்தார். கண்ணகை இடியப்ப மாவு குழைத்துக்கொண்டிருந்தாள். பயிரை மாச்சட்டிக்குப் பக்கத்தில் போட்டாள் தங்கச்சி.

"ஆம்பிளையள் போக ஏலாது. பொம்பிளையள் நாங்க போறம். பொயித்துக் காலில விழுந்து கேக்கப் போறம். நீயும் வா."

"நான் என்னத்துக்குகா?"

"முகாமுக்கு உன்னத்தான் தெரியும், முதலாளிர பொஞ்சாதி எண்டு. நான் போனா வாசலோட கலைச்சிருவான்."

"அத்தான் இல்லாத நேரம்..."

"அத்தான் வந்தா நீ வரமாட்டாய் அக்கா. அதுதான் இப்ப கேக்கிறன்."

கண்ணகை பயிரைப் பார்த்தாள். கையிலிருந்த மாவை வழித்துப் போட்டுவிட்டு எழும்பினாள். ஐசுப் பெட்டியைத் திறந்து, லொறிக்கு எடுத்து வைத்திருந்த பெரிய இறாலில் ஒரு கூடை அள்ளினாள். புஸ்பம், "அம்மா, அது கொம்பனிர இறால், அப்பா ஏசுவார்" என்றாள். "ஏசட்டும். நீ மாவ மூடி வை" என்றாள் தாய்.

எட்டோ பத்தோ பெண்கள் போனார்கள். நானும் பின்னால் போனேன், குடை பிடிக்க. வண்ணக்கர் சீனித்தம்பி தேங்காயும் கையுமாகத் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "அப்பு, நீங்க ஆம்பிளை, வேணாம்" என்று அன்னப்பூரணி தடுத்தாள். "என்னப் புடிச்சி என்ன செய்வான் புள்ள? சோறு குழைச்சுத் தீத்தணும். அவனுக்குத்தான் கரைச்சல்" என்றார் கிழவர். நடுங்கிக்கொண்டுதான் போனோம், ஆனாலும் சிரித்தோம்.

முகாமின் மண்மூட்டைகள் மழையில் ஊறிப் பிளந்து கிடந்தன. காவல்காரன் துவக்கை நீட்டினான். கண்ணகை இறால் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். உள்ளேயிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

"இறால் முதலாளி நோனா? என்ன விசயம்?"

கண்ணகை கும்பிட்டாள். "ஐயா, ஆத்துவாய் வெட்ட விடுங்க. வயலெல்லாம் தாண்டு போகுது. புள்ள குட்டிக்காரர் நாங்க."

அவர் எங்கள் எல்லாரையும் ஒரு தரம் பார்த்தார். "வெட்ட வேணும்? நீங்கதானே வேணாம் சொன்னது."

"நாங்களா?"

"முதலாளி வந்தது. நான் கேட்டது, தண்ணி கூட, எப்ப வெட்டுறது. முதலாளி சொன்னது, ஊர் ஆளுகளுக்கு இப்ப வேணாம், இன்னும் பத்து நாள், மீன் இருக்கு எண்டு." அவர் பின்னால் கையைக் காட்டினார். "பாருங்க. எங்கட ஆளுகள் தண்ணிக்குள்ள படுக்கிறது. நாலு பேர் காய்ச்சல். வெட்டுங்க, இப்ப வெட்டுங்க."

கடல் இரைந்தது. கண்ணகையின் தலைக்கு மேலே இருந்த கூடையிலிருந்து ஐசுத் தண்ணீர் அவள் நெற்றியில் வடிந்தது. அவள் துடைக்கவில்லை. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அன்னப்பூரணி மட்டும் யாரையும் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்ணகை கூடையைக் காவல்காரன் காலடியில் இறக்கி வைத்தாள். மணலை நோக்கி நடந்தாள்.

"அப்பு, தேங்காய உடைங்க."

"முதல் கொத்துக்கு மீன் பாக்கிற ஆளும் வயல்காரனும் வேணுமே புள்ள" என்றாள் கூட வந்த ஒருத்தி. "ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லயே."

வண்ணக்கர் தேங்காயைத் தடவினார். "ஆத்தப் பாத்த கை ஒண்டு, வயலப் பாத்த கை ஒண்டு. அவ்வளவுதான் வேணும். மீச பாக்கிறயில்ல" என்று சொல்லி உடைத்தார்.

கண்ணகை தன் கையை நீட்டினாள். இறால் முள் கிழித்த விரல்கள், ஓரத்தில் காய்ந்த மாவு. அன்னப்பூரணியின் நகத்துக்குள் வயல் சேறு. முகாமில் தந்த ஒரு மண்வெட்டியை இரண்டு பேரும் பிடித்தார்கள். முதல் கொத்தில் மண்வெட்டி கோணிக்கொண்டு போய்விட்டது, இரண்டு பேரும் ஒரே பக்கம் இழுக்கவில்லை. "கீழ புடி அக்கா" என்றாள் தங்கச்சி. முகாமை விட்டு வந்த பிறகு அதுதான் அவள் பேசிய முதல் சொல். இரண்டாவது கொத்து ஆழமாக இறங்கியது.

பின்னேரம் வரைக்கும் வெட்டினோம். செய்தி கேட்டு ஆண்களும் ஓடி வந்தார்கள். முகாமில் இருந்தவர்களும் இறங்கி வெட்டினார்கள். முதலில் விரல் தடிப்பில் நீர் போனது. பிறகு அது மணலைத் தானே தின்றது. பொழுது சாய்கிற நேரம் ஆறு இரைந்துகொண்டு கடலுக்குள் பாய்ந்தது. நுரைக்குள் இறால் வெள்ளி வெள்ளியாகத் துள்ளிப் போனது. வீட்டுக் கறிக்கென்று பெண்கள் சேலையில் அள்ளினார்கள். கண்ணகை ஒரு இறாலும் எடுக்கவில்லை.

வினாயகமூர்த்தி வந்தபோது செய்தி அவருக்கு முன்னால் வந்திருந்தது. விறாந்தையில் நின்று சத்தம் போட்டார்.

"ஆர்ட்டக் கேட்டு வெட்டின நீ?"

"முகாமில கேட்டுத்தான் வெட்டின. நீங்க கேக்காததக் கேட்ட."

அவர் தெற்கு மூலையைக் கையால் காட்டினார். பிறகு குரல் இறங்கியது. "நான் எனக்காகவா செய்தன்? அந்தச் சுவரப் பாரு. உன்ர மகளுக்குத்தானே செய்தன்."

"ஓம். நான் உங்கள மட்டும் சொல்லல்ல. முனாப் தம்பி கோடரிய நிப்பாட்டிப் பாத்த நேரமே எனக்கு விளங்கிட்டு. நானும் அந்தச் சுவரப் பாத்துக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு இருந்தன். அதுக்குள்ள மூணு நாள் போயிட்டு. தங்கச்சிட வயலுக்கு அந்த மூணு நாளையும் நான் எங்க பொயித்து வாங்கிற?"

"இனி லொறி வராது, தெரியுமா? கொம்பனிக்கு நூறு ஆறு இரிக்கி. எனக்கு இது ஒண்டுதான்."

"வராட்டிப் போகட்டும். இருங்க, இடியப்பம் அவிக்கிறன். புளிச்ச மாத்தான், திண்ணுங்க."

அவர் சொன்னது சரியாகத்தான் போனது. லொறி பிறகு வேறு துறைக்குப் போனது. முனாப் ஒரு நாள் சைக்கிளில் வந்து, விறாந்தைக்கு ஏறாமல், "என்னோட கோவமா அக்கா?" என்று கேட்டான். "உன்னோட என்ன கோவம்? இருந்து தேத்தண்ணி குடி" என்றாள். குடித்துவிட்டுப் போனான்.

தண்ணீர் இறங்கியது. மேட்டு வயல்களெல்லாம் பிழைத்துப் பச்சை பிடித்தன. அன்னப்பூரணியின் பள்ளக்காணிதான் பிழைக்கவில்லை. ஆற்றுக்குக் கிட்ட இருந்த காணிதானே, முதலில் முழுகியது, கடைசியில் வெளியே வந்தது. மஞ்சளித்து, பிறகு கறுத்து, சேறாகிவிட்டது. வரம்போரத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவு மட்டும் கதிர் வந்தது. பணக்காரன் மேட்டுக்காணி எடுப்பான், இல்லாதவன் பள்ளத்தை எடுப்பான். வெள்ளத்துக்கு அது தெரியுமா?

தையில் புதிர் நாள் வந்தது. புதிய நெல்லைக் குத்திப் பொங்கிச் சாமிக்கு வைத்துவிட்டு, சொந்தக்காரருக்குக் கொடுத்துத்தான் சாப்பிடுவார்கள். அன்னப்பூரணி அந்த வரம்போரத்து நெல்லைக் குத்தினாள். சின்னச் சட்டியில்தான் பொங்கியது. வளவில் எல்லாருக்கும் வாழையிலைத் துண்டில் ஒரு பிடி. கிடுகு வீட்டிலிருந்து ஓட்டு வீட்டுக்கு அவளே கொண்டுபோனாள்.

"அத்தான், புதிர். சாப்பிடுங்க."

வினாயகமூர்த்தி அதை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார். "எந்த வயல் நெல்லு?" என்று கேட்டார்.

"எங்கட வயல் நெல்லுதான்."

"மிஞ்சினதா?"

"மிஞ்சினதெல்லாம் இதுதான் அத்தான்."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அவர் சோற்றைப் பிசைந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கண்ணகை, "திண்ணுங்க. புதிரத் திருப்பி அனுப்பக்கூடா" என்றாள். அவர் தின்றார். மிளகாய் ஒன்றும் இல்லாத சோறு, ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்தச் சித்திரையில் கலியாணம் நடக்கவில்லை. சித்தாண்டி மாப்பிள்ளை கூரை போட்ட வீட்டுக்குப் போய்விட்டார். அன்னப்பூரணி ஆடி மாதம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். திறந்த கதவில் எங்கள் பெண்களுக்கு அந்தப் பக்கம்தான் இடம் இருந்தது. உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள்; போகிற அன்று அவள் ஒரு பிடி உப்பை அக்காவின் கையில் கொடுத்து, "புள்ளையளுக்கு ஆணத்தில உறைப்பக் குறை" என்று மட்டும் சொன்னாள். முன்பு சண்டை பிடித்த மாதிரி ஒரு நாளாவது சண்டை பிடித்துவிட்டுப் போயிருக்கலாம் என்று கண்ணகை என்னிடம் பல தரம் சொல்லியிருக்கிறாள். தங்கச்சியின் பிள்ளைகள் அவள் அடுப்படியில்தான் வளர்ந்தார்கள். முதல் அகப்பை அவர்களுக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு.

போடியார் பள்ளக்காணியைத் திருப்பி எடுத்து, இறால் வளர்க்கிற குளம் வெட்ட யாருக்கோ கொடுத்துவிட்டார். தான் உழுத இடத்திலேயே குளத்துக்கு வரம்பு கட்டுகிற கூலியாக இளையதம்பி போனான். கிழமைக்கு ஒரு தரம் பிள்ளைகளைப் பார்க்க வருவான்.

அடுத்த மாரி வந்தது. மழை தொடங்கிக் கொஞ்ச நாள்தான், துறையில் நாலாம் படிகூட நனையவில்லை. ஒரு விடியற்காலம் நான் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்கிறேன், வினாயகமூர்த்தி மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வளவை விட்டு இறங்குகிறார். முகாமில் கேட்டுவிட்டு வந்துவிட்டாராம். வண்ணக்கர் வீட்டுக்குப் போகிறாராம்.

கண்ணகை வாசலில் நின்றாள். அவளுடைய இடுப்பில் அன்னப்பூரணியின் கடைக்குட்டி.

"இன்னும் படி முழுகல்லயே. இவ்வளவு வேளைக்கு எங்க போறீங்க?"

"முழுகுமட்டும் பாத்துக்கிட்டு இரிக்க ஏலாது."

"மறுபக்கம் புடிக்கிற ஆரு?"

அவர் நின்றார். தங்கச்சியின் கிடுகு வீட்டைத் திரும்பிப் பார்த்தார். கதவு கயிற்றால் கட்டிக் கிடந்தது. தோளில் இருந்த மண்வெட்டியை இறக்கி நிலத்தில் ஊன்றி, அந்தப் பிடியில் இன்னொரு கைக்கும் இடம் விட்டுப் பிடித்துக்கொண்டு, மழைக்குள் அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்க மனம் வராமல் உள்ளே போய்விட்டேன்.

இவ்வளவுதான் பிள்ளைகளே எனக்குத் தெரிந்தது. உங்கள் வளவிலும் இப்படி ஓடும் கிடுகுமாகப் பிரிந்த சகோதரங்கள் இருந்திருப்பார்கள். யார் கப்பல் ஏறினார்கள், யாருடைய அடுப்படியில் யாருடைய பிள்ளைகள் சாப்பிட்டார்கள், திரும்பி வந்தவர்கள் முதலில் எந்த வீட்டு வாசலில் ஏறினார்கள்? ஒரு வரியென்றாலும் எழுதி அனுப்புங்கள். எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிப்பேன்.